ரிஷிரி தீவுக்குப் போன பெருங்காய டப்பா

ஜப்பானின் வடகோடியில், இதற்கு மேல் போனால் ரஷ்யாதான் என்கிற இடத்தில், ரிஷிரி, ரெபுன் என்று இரண்டு தீவுகள் இருக்கின்றன. அங்கே கிளம்புவதற்கு முன் மற்றவர்கள் குளிர்ச்சட்டை வாங்குவார்கள். நான் சிங்கப்பூரில் எங்கள் தெம்பனிஸிலிருந்து எம்ஆர்டி ரயில் பிடித்துத் தேக்கா சந்தைக்குப் போய்ப் பெருங்காயம் வாங்கினேன். எந்த நாட்டுக்குப் போனாலும் உப்பு, ரசப்பொடி, பெருங்காயம் மூன்றும் எங்களோடு வரும். வெந்நீர் கிடைக்கிற ஊரில் ரசமும் கிடைத்தாக வேண்டும் என்பது என் கட்சி.

மளிகை வாங்குவது உண்மையில் என் வீட்டுக்காரர் சேகரனின் இலாகா. தேக்காவில் இவர் தலையைக் கண்டால் கடைக்காரர்கள் உஷாராகிவிடுவார்கள். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, “இது போன வருஷச் சரக்குலா” என்று சிங்கப்பூர் ‘லா’ போட்டு நாலு பேர் முன்னால் சொல்லிவிடுவார். இந்த முறை வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

“நீயே வாங்கிட்டு வா மல்லிகா. நான் மோந்து பாத்து என்ன ஆகப்போவுது?”

விஷயம் இதுதான். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாக்கில் உப்பும் புளிப்பும் உறைப்பும் தெரியும். வாசனை மட்டும் சுத்தமாகக் கிடையாது. ஒரு தோசைக்காக புக்கிட் பாத்தோக் வரைக்கும், ஒரு பொட்டலம் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக்காக பூன் லே வரைக்கும் ரயில் ஏறிப் போன மனிதர், இப்போது எதைப் போட்டாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். கேட்டால் ஒரே பதில்: “நல்லா இருக்கு.”

குறை சொல்லாத புருஷன் வேண்டும் என்று கல்யாணமான புதிதில் நான் வேண்டாத சாமி இல்லை. அப்போதெல்லாம் ரசம் வைத்தால் ‘ஒரு கொதி அதிகம்’, சாம்பார் வைத்தால் ‘வெந்தயம் கருகிப்போச்சு’. கேட்ட வரம் இவ்வளவு தாமதமாகக் கிடைத்தபோதுதான், அது எவ்வளவு மோசமான வரம் என்று தெரிந்தது. அந்த ‘நல்லா இருக்கு’வைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சமையலறைப் பக்கம் போகவே பிடிக்காமல் போய்விட்டது. பயம் வேறு. ஒருநாள் அடுப்பு அணைந்து காஸ் கசிந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே நின்று நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இவரை வீட்டில் தனியாக விட்டுவிட்டு நான் எங்கும் போவதில்லை.

டாக்டர், “திரும்ப வரலாம், வராமலும் போகலாம், நாளாக ஆகக் கஷ்டம்” என்றார். கிராம்பு, எலுமிச்சை, மல்லிகை, யூகலிப்டஸ் தைலம் என்று நாலு பாட்டில் வைத்துக் காலையும் மாலையும் முகரச் சொன்னார். சந்தியாவந்தனம் செய்வதுபோல இவரும் விடாமல் முகர்ந்தார். கொஞ்ச நாளில் பாட்டில்கள் அலமாரிக்குள் போய்விட்டன.

காய்ச்சலுக்கு முன்னால் இவருக்கு இருந்த பெரிய ஆசை, ரிஷிரி தீவுக்குப் போய் ஊனி சாப்பிடுவது. ஊனி என்பது உடம்பெல்லாம் முள்ளாக, பந்து மாதிரி இருக்கும் ஒரு கடற்பிராணி. உடைத்தால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்ன நாக்குகள் இருக்கும். அதைச் சோற்றின்மேல் பச்சையாக அடுக்கித் தருவார்கள். “மூக்கு செத்தவனுக்கு எதுக்கு விருந்து?” என்று இவர் வர மறுத்தார். “எனக்கு மலையேறணும், நீங்க சும்மா கூட வாங்க” என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். என் கணக்கு வேறு. உலகத்திலேயே இவருக்கு ரொம்பப் பிடிக்கப்போகும் சாப்பாட்டை இவர் முன்னால் வைத்தால், அந்த மூக்கு ரோஷப்பட்டாவது எழுந்து வராதா?

ஜப்பானின் பெருநிலத்து முனையில் இருக்கும் வாக்கனாய் துறைமுகத்தில் ரிஷிரிக்குக் கப்பல் ஏறினோம். இரண்டாம் வகுப்பில் நாற்காலியே இல்லை. பெரிய கூடம், தரை முழுக்கக் கம்பளம். செருப்பைக் கழற்றிவிட்டு அவரவர் படுத்துக்கொள்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் முதல்நாள் ராத்திரி சொந்தக்காரர்கள் படுத்துக் கிடப்பதுபோல இருந்தது. ஜன்னலோரம் ஒரு நல்ல இடம் காலியாக இருக்க, நான் சட்டென்று இவர் பையிலிருந்து ஒரு டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து அங்கே வைத்தேன்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர் உணவங்காடியில் கூட்டம் நெரியும்போது, மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகலாம். அதற்குப் பெயர் ‘சோப்’ பண்ணுவது. அந்த மேசையை யாரும் தொடமாட்டார்கள். எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, ஆனால் எழுதிய சட்டங்களைவிட நன்றாக நடக்கிறது.

கழிவறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், எங்கள் டிஷ்யூவைச் சுற்றி ஒரு சின்னத் திடலே காலியாகக் கிடந்தது. மற்ற இடத்திலெல்லாம் நெருக்கியடித்துப் படுத்திருக்கிறார்கள், எங்கள் பக்கம் மட்டும் ஒரு ஈ காக்கை இல்லை.

“பாத்தீங்களா, ஜப்பான்காரங்க எவ்ளோ டீசன்ட்? ஒரு டிஷ்யூக்கு இவ்ளோ மரியாதை!” என்றேன்.

“நம்ம ஊர்ல கூட இவ்ளோ இடம் விடமாட்டாங்கலா” என்று இவரும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

ரிஷிரி என்பது தீவு என்பதைவிட, கடலுக்குள் நிற்கிற ஒரு மலை. அதைச் சுற்றிக் கொஞ்சம் தரை, தரையைச் சுற்றி ஒரு சாலை, சாலையில் எப்போதாவது ஒரு பேருந்து. அந்தப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த சிறிது நேரத்தில் முன்னால் இருந்த பெண்மணி ஜன்னலைத் திறந்தார். வெளியே பற்கள் தந்தியடிக்கும் குளிர். அடுத்து இன்னொருவர் திறந்தார். பிறகு ஓட்டுநரே திறந்தார். மலைக்காற்று உள்ளே புகுந்து எங்களை விறைக்க வைத்தது. இயற்கையை ரசிக்கிறார்கள் என்று நினைத்து நானும் என் ஜன்னலைத் திறந்து ரசித்தேன்.

விடுதி அறையில் பையைத் திறந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பெருங்காய டப்பாவின் மூடி வாய் பிளந்திருந்தது. இவருடைய முதுகுப்பை முழுக்க மஞ்சள் தூள். இவர் ஜாக்கெட், காலுறை, நான் ஊரிலிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுவந்த டிஷ்யூ பாக்கெட்டுகள் எல்லாவற்றிலும் இறங்கியிருந்தது. எனக்கே ஏன் முதலில் தெரியவில்லை என்று கேட்காதீர்கள். பெருங்காயத்தோடு நான் குடும்பம் நடத்துகிறேன். அது வாசனை என்றே எனக்குப் படுவதில்லை. கப்பலில் எங்களைச் சுற்றிக் காலியாகக் கிடந்த திடல் அப்போதுதான் கண்முன் வந்தது. வெட்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னாச்சு?” என்றார் இவர், பைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு.

“ஒண்ணுமில்லீங்க. பவுடர் கொஞ்சம் கொட்டிடுச்சு.”

சொல்ல மனம் வரவில்லை. ஒரு பேருந்து ஜனமே மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தது, உங்களுக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? இவர் குளிக்கப் போன நேரத்தில் தட்டினேன், துடைத்தேன், துவைக்க முடிந்ததைத் துவைத்தேன். பெருங்காயமா அதற்கெல்லாம் மசியும்?

மறுநாள் காலை மலையடிவாரத்தில் போன்-யாமா என்ற சின்ன மலையில் ஏறினோம். பெரிய மலை எனக்கும் ஆகாது, என் முழங்காலுக்கும் ஆகாது. இந்தத் தீவில் பாம்பும் கிடையாது, கரடியும் குடியிருப்பதில்லை என்று விடுதிக்காரர் சொல்லியிருந்ததால் தைரியமாக நடந்தேன். வழியில் ஓர் ஊற்று. குடித்தால் பல் கூசுகிற தண்ணீர். சிங்கப்பூரில் புக்கிட் தீமா மலையில் ஏறினால் நமக்குத் துணையாகக் குரங்குகள் வரும், கையில் இருக்கும் பிளாஸ்டிக் பையைப் பிடுங்கும். இங்கே ஒரு அணில்கூட எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதன் காரணம் எனக்குத் தெரியும்.

உச்சியில் நின்றால் ஒரு பக்கம் பெரிய மலை, இன்னொரு பக்கம் கடல், கடலுக்கு அப்பால் தட்டையாக ரெபுன் தீவு. இவர் கண்ணை மூடி நீளமாக மூச்சை இழுத்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இவர் முகத்தையே பார்த்தேன்.

“குளிரா இருக்கு” என்றார். அவ்வளவுதான்.

இறங்கி வரும்போது கடற்கரையில் ‘கோன்பு’ என்கிற பட்டையான கடற்பாசியைக் கூழாங்கற்களின்மேல் நீளநீளமாக விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். காற்றெல்லாம் உப்பும் கடலுமாக அப்படி ஒரு மணம். “எப்படி இருக்குன்னு சொல்லு” என்று இவர் கேட்டார். நான் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். கருவாடு இல்லை, ஆனால் கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம், மழை பெய்த சாங்கி கடற்கரை, கொஞ்சம் தேயிலை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கிரிக்கெட் வர்ணனையை வானொலியில் கேட்கிற மாதிரி இருந்தது இவர் முகம். கடலைப் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கப்பலில் ரெபுன் தீவுக்குப் போய் அங்கே ஒரு விடுதியில் தங்கினோம். அன்றைக்குத்தான் ஊனி. ஊனி பிடிக்க இஷ்டத்துக்கு எல்லாரும் இறங்கிவிட முடியாது. கடல் அமைதியாக இருக்கிறதா என்று விடியற்காலையில் பார்த்து, இறங்கலாம் என்று சொன்னால்தான் படகுகள் கிளம்பும். படகோட்டிகள் கண்ணாடி அடித்தட்டு போட்ட ஒரு பெட்டியைத் தண்ணீரில் வைத்துக் குனிந்து பார்த்து, நீளக் கழியால் ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். கடல் எங்கள்மேல் தயவு வைத்தது. மத்தியானம் ஒரு கடையில் கிண்ணம் நிறையச் சோறு, சோறு தெரியாமல் ஊனி.

நான் முதல் வாய் வைத்தேன். வெண்ணெயும் கடலும் ஒன்றாகக் கரைந்து தொண்டைக்குள் போனது. இதற்காக யாரும் இவ்வளவு தூரம் வரலாம். அப்புறம் இவரைப் பார்த்தேன். இவர் ஒரு வாய் எடுத்தார். மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். கடைக்காரரும் ஆவலாக எட்டிப் பார்த்தார்.

“நல்லா இருக்கு” என்றார்.

என் கிண்ணத்தில் மீதி இருந்தது அதற்குமேல் இறங்கவில்லை. மாலையில் மோமோ-இவா என்கிற பெரிய உருண்டைப் பாறையைத் தாண்டிக் கடலோர மேட்டுப் பாதையில் நடந்தோம். இரண்டு பக்கமும் மஞ்சளும் ஊதாவுமாகக் காட்டுப் பூக்கள். ஒரு ஜப்பானியத் தம்பதி எதிரே வந்து வணக்கம் சொன்னார்கள். கடந்து போனபின் அந்த அம்மாள் கணவரிடம் என்னவோ கேட்டார். எனக்கு அந்த மொழி தெரியாது. ‘இங்கே எந்தப் பூ இப்படி மணக்கிறது?’ என்றுதான் கேட்டிருப்பார் என்று நானே வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போய் இவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். “மல்லிகா, நீ எதுக்கு என்ன இங்க கூட்டிட்டு வந்தேன்னு எனக்குத் தெரியும்லா.”

“என்ன தெரியும்?”

“சாப்பிடும்போதெல்லாம் என் மூஞ்சியவே பாக்குற. இனிமே பாக்காத. வரலன்னா வரல. இப்படியே இருந்துடலாம், ஓகேவா?”

ஓகே என்றேன். ஓகே இல்லை. ஆனால் அந்தப் பூக்களுக்கு நடுவில் நின்று அழுது வைத்தால் இவர் இன்னும் வருத்தப்படுவார் என்று, முழங்கால் வலிக்கிறது என்று பொய் சொன்னேன்.

கடைசி நாள் கப்பலுக்கு முன்னால் சாப்பிட, ரெபுன் துறைமுகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு சின்ன உணவகத்துக்குப் போனோம். நடத்துவது சசாக்கி-சான் என்கிற அம்மாள். ஏறத்தாழ என் வயது. ஹொக்கே என்ற மீனைப் பிளந்து, மேலே மிசோ என்கிற சோயா விழுதும் வெங்காயத்தாளும் வைத்து, மேசையிலேயே கரி அடுப்பில் சுட்டுத் தருகிறார். உள்ளே நல்ல கூட்டம். ஜன்னலோரம் ஒரே ஒரு மேசை காலி. பழக்க தோஷம் யாரை விட்டது? ஒரு டிஷ்யூ பாக்கெட்டை அதன்மேல் வைத்துவிட்டுச் சாப்பாடு சொல்ல வரிசையில் போய் நின்றேன். இவர் வெளியே கடற்பறவைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து பார்த்தால் அந்த மேசையில் வேறு நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். என் டிஷ்யூவைக் காணோம். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பிறந்ததிலிருந்து இப்படி ஓர் அநியாயத்தை நான் பார்த்ததில்லை.

“என்னங்க, நான் சோப் பண்ண டேபிள்ல வந்து உக்காந்துட்டாங்க. டிஷ்யூவையும் தூக்கிட்டாங்க!”

“அவங்களுக்கு எப்படித் தெரியும்லா? விடு, அங்க மூலையில உக்காருவோம்.”

மூலையில் உட்கார்ந்து ஹொக்கே சாப்பிட்டோம். மிசோ கருகும் மணத்துக்கே நான் பாதி மன்னித்துவிட்டேன். இவர் ‘நல்லா இருக்கு’ என்றார். சொன்னபடி நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கப்பல் துறையில் வரிசையில் நின்றோம். இந்தத் தீவுகளில் ஒரு பழக்கம். விடுதிக்காரர்கள் துறை வரைக்கும் வந்து, கப்பல் கண்ணுக்கு மறையும்வரை கையாட்டி வழியனுப்புவார்கள். எங்கள் விடுதிக்காரரும் வந்திருந்தார், காற்று அடிக்கும் பக்கமாகப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு. அப்போது ஒரு குட்டி லாரி வேகமாக வந்து நின்றது. அதிலிருந்து சசாக்கி-சான் இறங்கி எங்களை நோக்கி ஓடி வந்தார். சமையல் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. நீட்டிய கையில், உடம்பைவிட்டு எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, ஒரு பொட்டலம்.

மூச்சு வாங்கக் குனிந்து வணங்கிவிட்டு, சாப்பாடு சொல்லும்போது எங்களுக்காகத் தமிழுக்கு மாற்றியிருந்த கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலியில் பேசினார். அது தமிழில் சொன்னது: “மிகவும் மன்னிக்கவும். உங்கள் மருந்தை மேசையில் மறந்து விட்டுவிட்டீர்கள். அதன் சக்தி வெளியே போய்விடாமல் நன்றாக மூடி வைத்திருக்கிறேன்.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது, காதுமடல் வரை சூடேறியது. இவருக்குப் புரியவில்லை. மருந்தா, நமக்கா என்று விழித்தார். ஆனாலும் ஜப்பானிய மரியாதைப்படி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஓடி வந்து கொடுத்தவர் எதிரே நிற்கும்போது பிரிக்காமல் பையில் போடுவது சரியில்லை என்று பிரிக்கவும் ஆரம்பித்தார். மேலே பூப்போட்ட காகிதம். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை, இறுக்கி முடிச்சுப் போட்டது. அதற்குள் இன்னொன்று, அழுத்தி மூடுகிற வகை. கரி அடுப்பு அறையின் வெப்பத்தில் உள்ளே வியர்த்துக் கிடந்தது என் டிஷ்யூ பாக்கெட்.

அது சரியாகத் திறக்கவில்லை. இவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நகத்தால் நெம்பினார். படக்கென்று திறந்தது.

இவர் தலை பின்னால் போனது.

“சீ! என்னடி இது, பெருங்காயம்!”

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். நானும் நின்றேன். கப்பலின் சங்கு ஊதியது. இவர் மெதுவாக அந்தப் பையை மறுபடி மூக்கிடம் கொண்டுபோனார், சூடான காப்பியை ஊதிக் குடிப்பவர் மாதிரி பயந்து பயந்து. இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“மல்லிகா, வருதுடி. லேசா... ஆனா வருது. பெருங்காயம்தான?”

“பெருங்காயம்தாங்க” என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, அந்தத் துறையில் நான் விம்மி விம்மி அழுதேன், சிரிக்கவும் செய்தேன்.

சசாக்கி-சான் பயந்துபோனார். மருந்தைக் கெடுத்துவிட்டோமோ என்று நினைத்து மறுபடி மறுபடி மன்னிப்புக் கேட்டுக் குனிந்தார். இவர் அதைவிடக் கீழே குனிந்தார். அவர் இன்னும் கீழே. யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் இருவரும் கஷ்டப்பட, கப்பல் சிப்பந்தி வந்து எங்களை ஏற்றிவிட்டார். கப்பல் நகர்ந்து வெகுநேரம் ஆகியும் கரையில் அந்த வெள்ளை ஏப்ரன் கையாட்டிக்கொண்டே இருந்தது.

கம்பளக் கூடத்தில் எங்களைச் சுற்றி வழக்கம்போல் ஒரு திடல் காலி. இவர் ஒரு இடத்தில் உட்காரவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் முகர்ந்தார். காப்பி, ஒன்றும் வரவில்லை. கோன்பு, அதுவும் இல்லை. கப்பல் டீசல், இருக்கிற மாதிரி ஒரு சந்தேகம். முகம் கொஞ்சம் வாடும். உடனே ஓடிவந்து டிஷ்யூ பையைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வார். இதுவரை நான் மறைத்து வைத்திருந்த பேருந்துக் கதை, துவைத்த கதை எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வாக்கனாய் கரை தெரிய ஆரம்பித்தபோது அமைதியாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பையைத் திறந்து, கண்ணை மூடி, தேக்காவில் செய்வதுபோல நிதானமாக, நீளமாக ஒருமுறை முகர்ந்தார். புருவம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தைப் பார்த்து ஒன்றரை வருடமாகிறது.

“எந்தக் கடையில வாங்கின இத?”

“ஏங்க?”

“பழைய சரக்கு. வெறும் மாவுதான் கலந்திருக்கான். உன்ன நல்லா ஏமாத்திட்டான்லா. நல்லாவே இல்ல.”

கரை வந்து சேரும்வரை அந்தப் பெருங்காயத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஆசை தீரக் கேட்டுக்கொண்டு வந்தேன்.